நடுவில் ஒரு மெத்தை

"உன் வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வந்தா பல்லு கொட்டிடுமா? தங்கமான பொண்ணுன்னு சொல்லிட்டு போனை வைக்க உனக்கு என்ன கேடு? என் பொண்ணு என்ன உன் பரீட்சைப் பேப்பரா, திருத்தித் திருத்தி அனுப்பறதுக்கு?"

வார்த்தை மாறாமல் சொல்கிறேன். எதிர்வீட்டுச் சற்குணம், இதோ இந்த வாசலில் நின்றுகொண்டு, மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னது. நீங்கள் அவள் பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். இதை மறைத்து உங்களை உட்காரவைத்தால் நன்றாகவா இருக்கும்? நாளைக்கு வாட்ச்மேன் சொல்லித் தெரிந்துகொள்வீர்கள். அவன் கொஞ்சம் சேர்த்துச் சொல்வான்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். சோபாவில் உட்காருங்கள்.

எதிர்வீட்டில் ஆள் இல்லை போல என்கிறீர்களே, ஆள் இருக்கிறது. நீங்கள் அங்கே மணி அடித்தபோது மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறந்து "யார் வேணும்?" என்று கேட்டேன் பாருங்கள், நின்றுவிட்டது. என் குரல் கேட்டால் இப்போதெல்லாம் அந்த வீட்டில் சட்னிகூட அரைபடாது. மணி அடித்ததும் நான்தான் என்று நினைத்திருப்பாள். நானும் காலையிலிருந்து அடித்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஒரு ஸ்பூன் உறை மோருக்கு. பால் காய்ச்சி ஆறவைத்திருக்கிறேன். கடைத் தயிரை ஊற்றினால் சவ்வு மாதிரி இழுக்கிறது. நாட் ஈவன் எ கர்ட். தயிர் என்று சொல்லக்கூட லாயக்கில்லை.

நீங்கள் பையனுக்கு அத்தையா? கரூரா? நல்லது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து அக்கம்பக்கத்தில் கேட்பதில் தப்பே இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். என் மாமியார் எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் என்னைப் பார்க்கவே வந்தார்கள். அவர் "பொண்ணு அழுக்குத் துணியே போடாது" என்று சொன்னாராம். அதை நம்பி என்னைக் கட்டிவைத்தார்கள். ஒரே வாக்கியம்!

காப்பி போடுகிறேன். ஒன்று செய்யுங்களேன், டம்ளரும் டவராவும் அந்த மேல்தட்டில் இருக்கின்றன, கொஞ்சம் எடுத்துத் தருகிறீர்களா? இந்த வலது கை மேலே போகாது. தோள்பட்டை இறுகிவிட்டது. நடுவில் போய்க்கொண்டுதான் இருந்தது. இப்போது மறுபடி போகவில்லை.

அந்தச் சுவரில் பென்சில் கோடு தெரிகிறதா? குழந்தைகள் வளர்த்தி அளந்த கோடு இல்லை. தேன்மொழி போட்டது. அவள்தான் நீங்கள் பார்க்க வந்த பெண். தேனு என்று கூப்பிடுவோம். தினம் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முகத்தைக்கூடக் கழுவமாட்டாள். நேரே இங்கேதான். என்னைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, "ஆன்ட்டி, விரலால ஏறுங்க, எறும்பு மாதிரி ஏறுங்க" என்பாள். வலி உயிர் போகும். "இதுக்குமேல போகாதுடி" என்பேன். "உங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க, அப்பதான் விடுவேன்" என்பாள். "நாட் ரியலி எ ஷோல்டர்" என்றால் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு விரற்கடை ஏற்றிவிட்டுத்தான் கோடு போடுவாள். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், புனேயில். எனக்கு எந்தத் தோள் வலிக்கிறது என்று அவனைக் கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரை போதுமா?

விஷயத்துக்கு வருகிறேன். நான் படித்தது கான்வென்ட். சிஸ்டர் பெனடிக்டா என்று ஒருவர். வெள்ளை உடுப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் வகுப்பில் யாரும் மொட்டையாக "நோ" என்று சொல்லக்கூடாது. மொட்டையாக "வெரி குட்" என்றும் அவர் சொல்லமாட்டார். நாங்கள் தப்பாகப் பதில் சொன்னால், "நாட் க்வைட் தி ஆன்ஸர், சைல்ட்" என்பார். விடை இல்லைதான். ஆனால் விடைக்குப் பக்கத்துத் தெருவரைக்கும் வந்துவிட்டோம் என்று ஒரு ஆறுதல்.

இதில் இருக்கிற நாகரிகத்தைப் பாருங்கள். தமிழில், "அவர் பெரிய டாக்டர்" என்று ஆரம்பித்து, எதிரே இருக்கிறவர் வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, கடைசியில் "இல்லை" என்று ஒரு போடு போடுவோம். மாடி வரைக்கும் ஏற்றிவிட்டு ஏணியை உருவுகிற வேலை. இங்கிலீஷில் அந்தத் துரோகம் கிடையாது. "நாட்" முன்னாலேயே வந்து நின்றுவிடும். ஆனால் அது வெறுமனே போய் டாக்டர்மேல் மோதினால் வலிக்குமே? அதனால் நடுவில் ஒரு மெத்தை போட்டு வைத்திருக்கிறார்கள். "எக்ஸாக்ட்லி." "ரியலி." "க்வைட்." அதற்கப்புறம்தான் "எ டாக்டர்." விழுகிறவருக்கு அடிபடாது.

மெத்தையை மாற்றினால் விஷயமே மாறும். "ஈவன்" போட்டால் மருந்துக்குக்கூட ஒன்று இல்லை என்று அழுத்தம். "ஜஸ்ட்" போட்டாலோ, அது மட்டும் இல்லை, அதற்கும் மேலே என்று பாராட்டு! நாட் ஜஸ்ட் எ டாக்டர். இருப்பது அதே "நாட்"தான். எவ்வளவு சிக்கனம்!

என் வீட்டுக்காரருக்கு இது புரியாது. மின்சார வாரியத்தில் இருந்தவர். அவருக்கு கரண்ட் இருக்கு, இல்லை, அவ்வளவுதான். "பொண்ணு பார்க்க வந்தப்போ என்னைப் பத்தி உன் தங்கச்சிகிட்ட என்ன சொன்ன? நாட் எ பேட் மேன். ரிட்டையரே ஆயிட்டேன், இன்னும் அதே போஸ்ட்டுல நிக்கறேன் கான்வென்ட்டு, ஒரு ப்ரமோஷன் கிடையாதா?" என்பார். என்னைக் கான்வென்ட்டு என்றுதான் கூப்பிடுவார். கிண்டல். இப்போது வாக்கிங் போயிருக்கிறார். நீங்கள் வந்திருப்பது தெரிந்தால் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவார்.

சற்குணமும் அப்படித்தான். புதுக்கோட்டைக்காரி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டாள். ஒருநாள் வெண்பொங்கல் கொடுத்தாள். "நாட் ரியலி எ பொங்கல்" என்றேன். ஏனென்றால் தண்ணீர் அதிகம், அது கஞ்சி. சரியாகச் சொல்வது குற்றமா? கிண்ணத்தைத் துடைத்த மாதிரித்தான் திருப்பிக் கொடுத்தேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இந்த நாக்கை உப்புல ஊறப்போட்டு வெயில்ல காயவைக்கணும்டி" என்று சிரித்துக்கொண்டே போனாள். மறுநாளும் கொடுத்தாள். அப்படி இருந்தவள்.

எல்லாம் அந்த ஆஸ்திரேலியாக்காரியால் வந்தது.

தேனுவுக்கு முதலில் ஒரு வரன் வந்தது. பையன் ஆஸ்திரேலியாவில் வேலை. போட்டோவை எனக்குத்தான் முதலில் காட்டினாள். நான் சுவரில் பாதி ஏறியிருந்தேன். போனை என் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "எப்படி ஆன்ட்டி?" என்றாள். "நாட் எ பேட் ஃபேஸ்" என்றேன். "உங்க வாயிலேர்ந்து இது வந்ததே பெரிசு. அம்மா, ஆன்ட்டி ஓக்கே சொல்லிட்டாங்க!" என்று கத்திக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். அன்றைக்குக் கோடு போட மறந்துவிட்டாள். பரவாயில்லை. நான் ஒன்றும் நினைக்கவில்லை.

பையனின் அம்மா எனக்குப் போன் செய்தாள். சற்குணம்தான் நம்பர் கொடுத்திருக்கிறாள். "அக்கம்பக்கத்துல விசாரிக்கணும்னாங்க, உன் பேரைத்தான் சொன்னேன், நீதான் இங்கிலீஷ்ல வெளுத்துக்கட்டுவியே" என்றாள். அந்த அம்மாளும் இங்கிலீஷிலேயே பேசினாள். நல்ல இங்கிலீஷ் இல்லை. ஆனாலும் இங்கிலீஷ்.

டாக்டர்தானே என்று கேட்டாள். பொய் சொல்ல முடியுமா? பிசியோதெரபிஸ்ட். "நாட் க்வைட் எ டாக்டர்" என்றேன். மெத்தையோடுதான். நன்றாகச் சமைப்பாளா என்றாள். ரசம் வைப்பாள், தோசை வார்ப்பாள், மற்றதெல்லாம் அம்மா கை. "நாட் எக்ஸாக்ட்லி எ குக்." அடக்கமான பெண்ணா என்றாள். தேனு வாயை மூடி நீங்கள் பார்க்க முடியாது. அவள் பேசப் பேசத்தான் எனக்குத் தோள் வலியே தெரியாது. "நாட் ரியலி எ கொயட் கேர்ள்" என்றேன். இதில் பெருமைதானே இருக்கிறது? அப்புறம் சுற்றி வளைத்து, ஆண் சிநேகிதர்கள் உண்டா என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாட் ஈவன் எ க்ளாஸ்மேட்!" என்று அழுத்திச் சொன்னேன். அந்த அம்மாள் "ஐ ஸீ, ஐ ஸீ" என்றாள்.

நானாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அவளுக்குக் குளிர் ஆகாது, மார்கழியில் மூக்கடைத்துக்கொள்ளும் என்றேன். ஒரு தாய்க்கு இதெல்லாம் தெரியவேண்டாமா? அங்கே என்ன குளிர் அடிக்குமோ. இங்கே போட்டுக்கொள்ள என் சால்வையைத்தான் எடுத்துக்கொண்டு போவாள். அங்கே யார் சால்வையை எடுப்பாள்?

கடைசியில் முத்தாய்ப்பாக ஒன்று வைத்திருந்தேன். சிஸ்டர் பெனடிக்டா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. நல்லதைக் கடைசியில் வை. "ஷி இஸ் நாட் ஜஸ்ட் எ நெய்பர்ஸ் டாட்டர், மேடம்" என்றேன். வெறும் எதிர்வீட்டுப் பெண் இல்லையம்மா அவள், அதற்கும் மேலே. சொல்லிவிட்டுப் பார்க்கிறேன், போன் எப்போதோ வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த வாரமே தகவல் வந்துவிட்டது. ஜாதகத்தை மறுபடி பார்த்தார்களாம், பொருந்தவில்லையாம்.

சற்குணம் வாசலில் வந்து நின்றது அப்போதுதான். முதலில் சொன்னேனே, அந்தக் கேள்விகள். நான் அமைதியாக, "ஏதாவது ஒன்று பொய்யா சற்குணம்? சொல்" என்றேன். அதற்கு அவள் சொன்னதை உங்களிடம் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

"விசாரிக்கிறவங்க உண்மையைக் கேக்கவா போன் பண்றாங்க? தங்கமான பொண்ணு, நல்ல குடும்பம், குடுத்து வெச்சிருக்கணும். இது மூணையும் சொல்லிட்டு வெக்கணும். உலகமே இப்படித்தான் சொல்லுது. அதுக்கு மேல ஒருத்தி பேசினாலே, ஏதோ இருக்கு, சொல்ல முடியாம முழுங்கறான்னு அர்த்தம். நீ அரைமணி நேரம் பேசியிருக்க! உன் பையனுக்குப் பொண்ணு பார்த்தப்போ அந்த வீட்டுல கேட்டாங்களே என்கிட்ட, நான் என்ன சொன்னேன்? தங்கமான பையன்னேன். அவன் தங்கமா? சொல்லு, அவன் தங்கமா?"

பாருங்கள், தேவையில்லாமல் என் மகனை இழுத்தாள். அவன் தங்கம் இல்லைதான். அது வேறு விஷயம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். போகும்போது திரும்பி, குரலைத் தணித்து, "உனக்கு அவ போறது பிடிக்கல, ரேணுகா. அதை நேரா சொல்லியிருந்தா நானும் சேர்ந்து அழுதிருப்பேன்" என்றாள்.

என்ன அபாண்டம்! எனக்கு ஏன் பிடிக்காமல் இருக்க வேண்டும்? அவள் எங்கே போனால் எனக்கென்ன? ஊரில் வேறு பிசியோதெரபிஸ்ட்டே இல்லையா? மெயின்ரோட்டில் ஒரு பையன் இருக்கிறான், நானும் போய்ப் பார்த்தேன். ஒரு மெஷினை ஒட்டிவிட்டுப் போனை நோண்டிக்கொண்டிருந்தான். எறும்பு மாதிரி ஏறு என்று சொல்லக்கூடத் தெரியவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

தேனு அன்றிலிருந்து வருவதில்லை. கோபம் இல்லையாம். லிஃப்டில் பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நம் மாடி வந்து கதவு திறந்ததும், "கையை மட்டும் நிறுத்தாதீங்க ஆன்ட்டி, தினம் ஏறுங்க" என்றாள். அவ்வளவுதான். நானும் ஏறிப் பார்க்கிறேன். கோட்டுக்கு இவ்வளவு கீழேயே நின்றுவிடுகிறது. தனியாக ஏறினால் ஏறவில்லை.

காப்பி எப்படி இருக்கிறது? நன்றாக இருக்கிறதா? பாருங்கள், நீங்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். கொஞ்சம் கசப்புத் தூக்கல், எனக்கே தெரிகிறது.

சரி. கரூர். கரூர் நல்ல ஊர். காலையில் பஸ் ஏறினால் பத்து மணிக் காப்பிக்கு இங்கே வந்துவிடலாம். கொஞ்சம் வெயில். வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளும். பையன் வாராவாரம் ஊருக்கு அழைத்துவருவான் இல்லையா? இல்லை, சும்மா கேட்டேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றாலும் போதும். சுவர் எங்கே போய்விடப்போகிறது?

இந்தத் தடவை நான் முடிவோடு இருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் ஒரே வார்த்தை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாரு கான்வென்ட்டு அந்தத் தங்கம்? நானா?" என்று கேட்டார். அதனால், சுருக்கமாக, மெத்தை எதுவும் இல்லாமல் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தேன்மொழி தங்கமான பெண்.

ஆனால், தங்கம் என்று சொல்லிவிடுகிறார்கள், யோசித்துப் பார்த்தால் தங்கம் வளையும். தட்டினால் தட்டின பக்கம் போகும். இவள் அப்படி வளைகிறவள் இல்லை. எனக்கு வலிக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டாலும் விடமாட்டாள். பிடிவாதம். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் என் கை அந்தக் கோடுவரைக்கும் போயிருக்குமா? அதனால் எக்ஸாக்ட்டாகச் சொன்னால், அவளை நாட் ரியலி எ...

ஏன் எழுந்துவிட்டீர்கள்? காப்பி பாதி இருக்கிறதே. பையை ஏன் எடுக்கிறீர்கள்? பிடிவாதம் என்று நான் சொன்னது நல்ல அர்த்தத்தில். உட்காருங்கள், இன்னும் முத்தாய்ப்பே வரவில்லை.

சரி, என்னை நம்ப வேண்டாம். அவளையே பாருங்கள். இன்றைக்கு அவளுக்கு லீவு, வீட்டில்தான் இருக்கிறாள். செருப்பு வெளியே கிடக்கிறது. நான் மணி அடிக்கிறேன். ஒரே நிமிஷம். டம்ளரை அங்கேயே வையுங்கள், வாருங்கள்.

சற்குணம்! ஏ சற்குணம்! நான்தான். உறை மோருக்கு இல்ல, கதவைத் திற. கரூர்லேர்ந்து வந்திருக்காங்க. பையனோட அத்தை. நான் ஒண்ணும் சொல்லல. நல்லதாத்தான் சொன்னேன். நீயே பேசிக்கோ, நான் என் வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறேன். தேனு, நீயாவது வா. இவங்க முன்னாடி என் கையை ஒரு தடவை தூக்கிக் காட்டு, அது போதும், நான் வாயே திறக்க வேண்டாம்.

அம்மா, கொஞ்சம் இப்படி முன்னால் வந்து நில்லுங்கள், கதவு லென்ஸ் வழியாகப் பார்ப்பாள்.

அம்மா?

லிஃப்ட் கீழே போகிறது.

போயிட்டாங்க சற்குணம். நான் என்ன சொன்னேன் இப்போ? தங்கமான பொண்ணுன்னுதானே சொன்னேன். முதல்ல அதைத்தான் சொன்னேன், சத்தியமா. தங்கமான பொண்ணு. நல்ல குடும்பம். குடுத்து வெச்சிருக்கணும். கேட்டுச்சா? மூணும் சொல்லிட்டேன். இல்லைன்னு நான் எப்போ சொன்னேன்?

பால் ஆறிட்டே இருக்கு, சற்குணம். டம்ளர் எடுத்துட்டு வரேன். ஒரு ஸ்பூன் உறை மோர் கொடேன்.